ஞாயிற்றுக்கிழமைக்கான ஒத்திகை

ரேணுகாவுக்கும் அவள் அப்பா பொன்னுரங்கத்துக்கும் நடுவில் முப்பது வருஷமாக ஓர் ஏற்பாடு இருந்தது. இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் கிடையாது, அப்படியே பழகிவிட்டது. "அப்பா சாப்பிட்டாராம்மா?" என்று அவள் சென்னையிலிருந்து போனில் கேட்பாள். "ஏங்க, சாப்டீங்களான்னு கேக்குறா" என்று திண்டுக்கல் வீட்டில் அம்மா சரோசா திரும்பிச் சொல்வாள். "ம்" என்று அப்பாவின் குரல் கேட்கும். "சாப்டாராம்" என்பாள் அம்மா. அந்த 'ம்' ரேணுகாவின் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் அம்மா வாயால் வந்த பிறகுதான் அது பதில். காலேஜில் சேர்ந்தது, வேலை கிடைத்தது, பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றது எல்லாம் இந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. நம் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. அம்மா என்று ஒருத்தி இருக்கிறவரை இதில் ஒரு குறையும் தெரியாது.

அந்த அம்மா செத்துப்போனாள்.

பித்தப்பைக் கல்லுக்குச் சின்ன ஆபரேஷன்தான். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே அம்மாவுக்கு வயிறு வலித்தது. "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, பின்னால் நாலு பேர் சூழ வருவார். "நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டபடியே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பொன்னுரங்கம் எழுந்து நின்று தலையாட்டினார். அவ்வளவுதான். அரசு பஸ் டெப்போவில் முப்பத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் அவர். மேலதிகாரி வந்தால்கூட பஸ்ஸுக்கு அடியில் படுத்தபடியேதான் பதில் சொல்வார் என்று அம்மா கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்ட மனுஷன் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. ரேணுகா லீவு கிடைத்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது அம்மாவை வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது.

துக்க வீட்டில், அத்தைகளும் சித்தப்பாக்களும் உட்கார்ந்திருக்கும்போது, ரேணுகா அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அவள் வாழ்க்கையில் அவரிடம் நேரடியாகப் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

"உங்களுக்கு வாய்னு ஒண்ணு எதுக்குப்பா இருக்கு? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

பொன்னுரங்கம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் கண்ணில் படாமலே நடமாடினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ கால் என்று ஒரு வழக்கம் வந்தது. அப்பாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. அவர் நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரியும். "சாப்டீங்களாப்பா?" "ம்." "மழை உண்டா?" "இல்ல." "சரிப்பா, வெச்சிடட்டுமா?" "சரிம்மா." இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நடு வாரத்தில் எப்போதாவது வேளை கெட்ட வேளையில் அவரே கூப்பிடுவார். அவள் எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்பா, அவசரமா?" என்பாள். எடுக்க முடியாவிட்டால் அதையே வாய்ஸ் மெசேஜாக அனுப்புவாள்.

மீட்டிங்கில் இருந்தாளே தவிர, மீட்டிங்கில் பேசினாள் என்று சொல்ல முடியாது. எங்கெங்கோ நாடுகளில் ஓடும் லிஃப்ட்டுகளின் பழுதைச் சென்னையில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கும் கம்பெனி அது. பழுதைக் கண்டுபிடிப்பதில் ரேணுகாவை அடிக்க ஆள் இல்லை. கண்டுபிடித்ததை வெளிநாட்டுக்காரர்களிடம் வீடியோவில் சொல்லச் சொன்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் பிரேக் தேய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எதிர்முனையில் இருந்தவர், "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டாள். கால் முடிந்த பிறகு பதறிப்போய் மெயில் எழுதினாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்று மத்தியானம் அவளால் சாப்பிட முடியவில்லை. அந்தத் தலையாட்டல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கட்டிலோரம் எழுந்து நின்று ஆட்டியதும் இதே தலைதான். தன்னிடம் இல்லாத ஒன்றை அவரிடம் கேட்டு, ஊர் முன்னால் அவரைக் குத்திக் கிழித்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதை யார் வழியாகச் சொல்லியனுப்புவது?

மேனேஜர் அவளை 'ஒத்திகை'யில் சேர்த்துவிட்டார். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற செயலி அது. திரையில் ஒரு முகம் வரும், நாம் பேசினால் அது பதில் பேசும், குறுக்கே பேசும், கொட்டாவி விடும், கேள்வி கேட்டு மடக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பேசிப் பார்க்கலாம். மூன்றே மாதத்தில் ரேணுகா மீட்டிங்கில் வாய் திறந்தாள். ஆறாவது மாதம் ஒரு ஜெர்மன்காரரிடம் "நீங்கள் சொல்வது தவறு" என்றாள்.

பக்கத்து சீட்டு ஷெரின்தான் அடுத்த விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல நமக்குத் தெரிஞ்சவங்களையே போட்டுக்கலாம், தெரியுமா? அவங்க வாய்ஸ் மெசேஜ், பழைய வீடியோ கால் எல்லாம் குடுத்தா அச்சு அசலா அவங்க மாதிரியே பேசும். எங்க மாமியாரப் போட்டு வெச்சிருக்கேன்."

"எதுக்குடி?"

"தனிக்குடித்தனம் போறதப் பத்திப் பேச. அதுகிட்ட இருபது தடவ திட்டு வாங்குனேன். அப்புறம் நேர்ல போய் உக்காந்து சொன்னேன், ஒரு வார்த்தை பிசகல. பயமெல்லாம் மொத தடவைக்குத்தான் ரேணு. அந்த மொத தடவைய மெஷின்கிட்ட கழிச்சிட்டா, நேர்ல போறது இருபத்தோராவது தடவை."

ஒருவர் உருவத்தை எடுக்க அவர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அவர் போனுக்கு வரும் செய்தியில் பச்சைப் பட்டனை அமுக்கினால் அதுவே சம்மதம். அந்த ஞாயிறு ரேணுகா அப்பாவிடம் ஒரு பொய் சொன்னாள்.

"அப்பா, ஒரு மெசேஜ் வரும். கேஸ் கனெக்‌ஷன் அம்மா பேர்லயே இருக்குல்ல, அத மாத்தறதுக்கு. பச்சை பட்டன அமுக்கிடுங்க."

"ம்."

சம்மதம் வர இரண்டு நாள் ஆனது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அப்பா வந்தார், வழக்கம்போல முக்கால்வாசி நெற்றியாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

"அப்பா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ம்."

"ஏதாவது சொல்லுங்களேன்."

"என்னத்தச் சொல்ல. சாப்டியா?"

நிஜ அப்பா என்ன சொல்வாரோ அதையேதான் அதுவும் சொன்னது. மூன்றாம் தடவை அவள் கேட்டபோது நெற்றியும் நகர்ந்து, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. செயலியில் 'கடினம், இயல்பு, எளிது' என்று மூன்று நிலைகள் உண்டு. அதுவரை இயல்பில் இருந்தது. ரேணுகா அதை எளிதுக்குத் தள்ளினாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா."

நெற்றி கீழே இறங்கியது. முகம் முழுசாகத் தெரிந்தது. "விடும்மா. நீ வேற யாருகிட்டப் போய்க் கத்துவ? எங்கிட்டதான கத்தணும்."

ரேணுகா தேம்பித் தேம்பி அழுதாள். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது. மறுநாள் பதினோரு மணிக்கு நிஜ அப்பாவைக் கூப்பிட்டாள். மழை உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாத உறுத்தலும் இல்லை. அந்த நிம்மதிதான் எமன் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அதன் பிறகு மனசு கனக்கும்போதெல்லாம் திரையில் இருந்த அப்பாவிடம் போனாள். எளிது நிலையில் அவர் நன்றாகப் பேசினார். அம்மாவைப் பற்றிச் சொன்னார், அவள் வேலையைப் பற்றிக் கேட்டார், ஒருமுறை ஜோக்குக்கூட அடித்தார். நிஜ அப்பாவிடம் பேசும் இரண்டு நிமிஷம் அதோடு ஒப்பிட்டால் வறட்சியாகத் தெரிய ஆரம்பித்தது. சில ஞாயிறுகள் தள்ளிப்போயின.

"நேர்ல சொல்லிட்டியா?" என்று ஒருநாள் ஷெரின் கேட்டாள்.

"இல்ல. பொங்கலுக்குப் போறப்ப சொல்லிடுவேன். இன்னும் கொஞ்சம் பழகிக்கறேன்."

"எத்தன தடவ ஆச்சு?"

"முப்பது இருக்கும்."

"அடிப்பாவி. இருபதத் தாண்டுனா அது பழகுறது இல்லடி, குடித்தனம்."

பொங்கலுக்குப் போனாள். அப்பா கரும்பை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவரும் எதையோ சொல்ல வருவதுபோல இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். ரேணுகா அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்கு எளிது என்று ஒரு நிலை இல்லை. என்ன பதில் வரும் என்று தெரியாத ஒரு மனுஷனிடம் பேசி அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "கரும்பு நல்லாருக்குப்பா" என்றாள். "ம்" என்றார். மாலை பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வாங்கப் போன இடத்தில் பொன்னுரங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, அவர் போனை என்ன செய்வது என்று தெரியாமல் ரேணுகா கையில் எடுத்தாள். திறக்க எண் கேட்டது. முன்சீப் தெரு முனையில் செல்போன் கடை வைத்திருக்கும் நூருல்லாவிடம் கொண்டுபோனாள். அப்பாவுக்கு ரீசார்ஜ் செய்து தருபவர் அவர்தான்.

"எம்பொண்ணு பொறந்த வருஷத்தைப் போடுங்கன்னு லாக் போட்டப்பச் சொன்னாரும்மா" என்றார் நூருல்லா. "அதத்தான் போட்டுக் குடுத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட பேசிட்டாரா?"

"எதப் பத்தி?"

"என்னவோ பேசணும்னு சொல்லிட்டே இருந்தாரு. அதுக்குத்தான அந்த ஒத்திகைய போட்டுக் குடுக்கச் சொன்னாரு."

ரேணுகாவுக்குத் தூக்கி வாரிப்போட்டது. "ஒத்திகையா? அப்பா போன்லயா?"

"நீங்க அனுப்புன மெசேஜ எங்கிட்டதாம்மா கொண்டாந்து காட்டுனாரு. கேஸ் கனெக்‌ஷன்னு பாப்பா சொல்லுச்சு, எதுக்கும் படிச்சுப் பாருங்கன்னாரு. நான் படிச்சுட்டு, இது கேஸ் இல்லண்ணே, உங்க பொண்ணு உங்ககூட என்னமோ பேசறதுக்குப் பழகிப் பாக்குதுன்னேன். அப்புடியே நின்னுட்டாரு. எங்கூட பேசறதுக்கான்னு ரெண்டு தடவ கேட்டாரு. மறுநா வந்துதான் பச்ச பட்டன அமுக்குனாரு. எனக்கும் இது கெடைக்குமான்னு அப்பத்தான் கேட்டாரு."

"அதுக்கு என் சம்மதம் வேணுமே?"

"வேணாம்மா. நீங்க அவர எடுத்தா அவரும் உங்கள எடுத்துக்கலாம், அது அவங்க போட்ட விதி. உங்க வாய்ஸ் மெசேஜ், நீங்க பேசுன கால் எல்லாம் அவரு போன்லயே கெடந்துச்சு. எளிதுன்னு ஒண்ணு இருக்குண்ணே, அதுல வெச்சுத் தரட்டான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. எம்பொண்ணு எப்புடியோ அப்புடியே இருக்கட்டும்னாரு."

வீட்டுக்கு வந்து, அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ரேணுகா போனைத் திறந்தாள். அறுபத்தொரு ஒத்திகைகள் பதிவாகியிருந்தன. முதலாவதைத் தொட்டாள். திரையில் அவள் முகம் வந்தது. காதில் ஹெட்போன், கண் வேறொரு திரையில். தன்னை அப்படி வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை. அப்பாவின் குரல் மெதுவாக ஆரம்பித்தது.

"ரேணு… அப்பா பேசறேன்."

"சொல்லுங்கப்பா. மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"இல்லம்மா. அவசரமில்ல."

"அப்ப அப்புறம் கூப்பிடறேன்பா."

பதினெட்டு வினாடி. இரண்டாவதும் அப்படியேதான். ஏழாவதில் கொஞ்சம் தூரம் போயிருந்தார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, அது வைப்பதற்குள், "அன்னைக்கு ஆஸ்பத்திரில…" என்று ஆரம்பித்தார். "அத இப்ப எதுக்குப்பா? சாப்டீங்களா?" என்றது அவள் குரல். "ம்" என்றார் அப்பா. இருபதாவதில் சட்டை மாற்றி, தலை வாரி, நேரில் பேசுவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தார். மூலையில் சின்னதாக அவர் படமும் பதிவாகியிருந்தது, முகம் முழுசாகவே தெரிந்தது. போனை ஒழுங்காகப் பிடிக்கக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கும் அதே பதில்தான். மெஷினைத் திட்ட ரேணுகாவுக்கு வழியில்லை. அவள் அவருக்கு அனுப்பிய குரல்களைக் கேட்டுத்தான் அது அவளாகியிருந்தது. வேறு மாதிரி பேச அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கடைசி ஒத்திகை போன ஞாயிறு பத்தரை மணிக்கு நடந்தது. அந்த ஞாயிறு ரேணுகா காலையிலேயே திரை அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நிஜ அப்பாவுக்கு 'வேலை இருக்குப்பா, அடுத்த வாரம் பேசறேன்' என்று அனுப்பியிருந்தாள். அவள் அதைத் தொட்டாள். அதே மீட்டிங், அதே 'அவசரமா', அதே 'அவசரமில்ல'. அவள் முகம் மறைந்து திரை இருண்டது. ஆனால் பதிவு நிற்கவில்லை.

"வெச்சிட்டியாம்மா?" என்றார் அப்பா. திரையைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "வெச்சிருச்சு. அப்ப இப்பச் சொல்லலாம்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரேணு, அன்னைக்கு நீ கேட்டது சரிதான். ரெண்டு நாளா உங்கம்மா வலிக்குதுன்னு சொன்னா. டாக்டர் வர்றப்ப எந்திரிச்சு நின்னேன். சொல்லத்தான் நின்னேன். அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. சார்னு ஒரு சத்தம் குடுத்திருக்கணும். குடுக்கல. உங்கம்மா என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தா. அவகிட்ட இனிமே சொல்ல முடியாது, உங்கிட்டயாவது சொல்லணும்ல. தப்பு என்னோடதும்மா. நீ அப்புடிக் கத்துனதுல எனக்கு வருத்தமே இல்ல. பொங்கலுக்குச் சொல்லிடலாம்னு பாத்தேன், நீ கரும்பு நல்லாருக்குன்ன, சந்தோசமா இருந்துச்சு, கெடுக்க மனசு வரல. நீயும் என்னைய வெச்சு என்னமோ பழகுறயாம்ல. அதுல இருக்குறவன் உனக்கு ஒழுங்கா பதில் சொல்றானா? சொல்றான்னா அவங்கிட்டயே பேசிக்கம்மா. எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அவன் என்னையவிட தேவலயா இருப்பான்."

எங்கேயும் தடுமாறவில்லை, எங்கேயும் 'ம்' போடவில்லை. தன் அப்பாவுக்கு இப்படிப் பேச வரும் என்று ரேணுகாவுக்குத் தெரியாது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லப்பா" என்றாள். "இல்லப்பா, அவன் யாரோப்பா." வாய்விட்டுத்தான் சொன்னாள்.

குரலைக் கேட்டதும் போன் விழித்துக்கொண்டது. அப்பாதான் அடுத்த ஒத்திகைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். திரையில் அவள் முகம் வந்தது. காதில் ஹெட்போன், கண் வேறு எங்கோ.

"சொல்லுங்கப்பா. மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"ஆமா" என்றாள் ரேணுகா. "அவசரம்."

அந்த முகம் சட்டென்று திரும்பியது. ஹெட்போனைக் கழற்றி வைத்தது. கண் நேராக அவளைப் பார்த்தது.

"என்னப்பா ஆச்சு? மீட்டிங்க விட்டு வெளிய வந்துட்டேன். எவ்வளவு நேரம்னாலும் பரவால்ல, மெதுவாச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

முகம் காத்துக்கொண்டே இருந்தது. அறுபத்தொரு தடவையும் அப்பா அவசரமில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.